புளித்த ஒயினும் கோலாவும்

திருவிழாவுக்கு ஆள் சேர்ந்தாயிற்று. வாங்கி வைத்த ஒயினோ கெட்டுப்போயிருந்தது. 1972-இல் ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் கடலோர ஊரான அல்கோர்த்தாவில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. விழாவில் கடை போட்ட இளைஞர்களிடம் 2000 லிட்டர் சிவப்பு ஒயின். வாயில் வைத்தால் ஒரே புளிப்பு! கொட்டினால் போட்ட பணம் அத்தனையும் போச்சு. எதைக் கலந்தால் புளிப்பு மறையும் என்று தேடி, கடைசியில் கோலாவில் வந்து நின்றார்கள். மொத்தமும் விற்றுத் தீர்ந்ததாம். இரண்டு நண்பர்களின் பட்டப்பெயர்களை ஒட்டி 'கலிமோச்சோ' என்று பெயரும் வைத்தார்கள். (இந்தக் கலவை ஸ்பெயினில் முன்பே உண்டு. பெயர்தான் புதிது.)

செய்வது மிக எளிது. உயரமான கண்ணாடி டம்ளர் நிறைய ஐஸ், பாதிக்குச் சிவப்பு ஒயின், மீதிக்கு நன்கு குளிர்ந்த கோலா, ஒரு எலுமிச்சைத் துண்டு. டம்ளரைச் சாய்த்துக் கோலாவை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் நுரை பொங்கி வழிந்துவிடும். விருந்துக்கென்று ஜாடியில் முன்கூட்டியே கலந்து வைத்தால் வாயு போய்ச் சப்பென்றாகிவிடும். விலை உயர்ந்த ஒயினும் வேண்டாம், அதன் மணத்தைக் கோலா அமுக்கிவிடும். 12 சதவீத ஒயின் என்றால் கலவையில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். ஆனால் இனிப்பில் அது தெரியாது, இரண்டாவது டம்ளர் தானாகக் கைக்கு வரும்.