வரவேற்புக்கு நான் வராத காரணம்



போன மாதம் மூன்று கல்யாண வரவேற்புகளுக்கு நான் வரவில்லை. "சாருக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று ஒருவர் போனிலேயே கேட்டுவிட்டார். கோபம் ஒன்றுமில்லை. என் கார் எனக்கு ஒரு ரேங்க் கார்டு கொடுத்துவிட்டது. அதுதான் காரணம்.

இன்ஜினியரிங் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள சாக்கெட் ஒன்று இருக்கிறது. மெக்கானிக் கோளாறு பார்ப்பதற்கான இடம். ஓபிடி என்பார்கள். புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள், பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. அதில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைச் செருகினாள். கார் சொல்வதெல்லாம் ப்ளூடூத் வழியாக அவள் லேப்டாப்புக்குப் போயிற்று.

எனக்குப் பயம். 2015-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் வீட்டில் இருந்தபடியே, ஓடுகிற ஜீப்பை இணையம் வழியாக முடக்கிக் காட்டினார்களே! அதன் பிறகு 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். "நாம எதையும் மாத்தல தாத்தா, கேக்க மட்டும்தான் செய்றோம்" என்றாள். வண்டியை நிறுத்தியதும் கருவியை மறக்காமல் பிடுங்கி வைத்தாள். பரவாயில்லை, பொறுப்பான பிள்ளை.

எண்கள் வந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. இன்ஜின் சுழற்சிக்கு 12, 128 என்று இரண்டு எண் வரும். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நாலால் வகுத்தால் 800. நிமிடத்துக்கு 800 சுற்று! நம் ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டுக்கு, வருகிற எண்ணில் 40-ஐக் கழிக்க வேண்டும். 130 வந்தால் 90 டிகிரி. எதற்குக் கழிப்பது என்றேன். மைனஸ் 40 டிகிரிக் குளிரையும் அளக்க வேண்டுமாம். நம் கரிசல் காட்டுக்கு அது எதற்கு என்று சிரித்தோம்.

முதலில் அவள் செய்தது விளையாட்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் லேப்டாப்பில் சுருதி ஏறும், கியர் மாற்றினால் இறங்கும். 2013-லேயே ஃபோக்ஸ்வேகன் கம்பெனி அண்டர்வேர்ல்டு என்ற இசைக்குழுவோடு சேர்ந்து, ஓட்டுவதற்குத் தக்கபடி பாட்டு மாறும் கார் ஒன்றைச் செய்ததாம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நம் வண்டி பாடியதைப் பாட்டு என்று சொல்ல மாட்டேன்.

பிறகு பிரதோஷத்துக்குத் திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்குப் போனோம். நாலு மணிக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பினோம். நொடிக்கு ஒரு வேகம் என்று எழுதி வைத்ததை வீட்டில் வரைபடமாகப் போட்டாள். போகும்போது ஒரே ஒரு இடத்தில் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. வரும்போது ஆறு இடம். ஓரிடத்தில் 62-லிருந்து மூன்று நொடியில் 20.

"ஆடு குறுக்கே வந்துச்சு" என்றேன்.

"ஆறு மந்தையா தாத்தா?"

போகும்போது வந்தது ஆடுதான். ஆனால் இருட்டிய பிறகு மந்தை ஏது? கிடையில் அடைத்திருப்பார்கள். இந்தச் சீமையில் பிறந்த எனக்கா அது தெரியாது? பையன்கள் வீட்டுப்பாடம் எழுதாமல் சொல்கிற சாக்கை நானே சொல்லிக்கொண்டு நின்றேன். எந்த நொடியில் எவ்வளவு வேகம் என்று கருவிக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. அது பின் சீட்டில் இருந்த என் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "எதிர்ல லைட் வந்தப்பல்லாம் பிரேக்கை மிதிச்சீங்க. நானும் சாமியைக் கும்பிட்டுக்கிட்டே வந்தேன்."

மகன் இரண்டு வருடமாகச் சொன்னபோது கேட்காதவன் நான். "எனக்கா கண் தெரியல?" என்று சத்தம் போட்டிருக்கிறேன். சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் அடைத்த ரோட்டில் லைட் போடாத சைக்கிள் வந்திருந்தால்? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மதுரையில் கண்ணைக் காட்டினேன். இரண்டிலும் புரை. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். டாக்டர் சொல்லும்வரை சூரியன் சாய்ந்த பிறகு சாவி வீட்டம்மா கையில்.

ஆகவே, பத்திரிகை வைப்பவர்கள் தவறாமல் வையுங்கள். வரவேற்புக்கு வர மாட்டேன். காலை முகூர்த்தத்துக்கு முதல் பந்தியில் இருப்பேன்.