துருவே சான்று

பள்ளி விடுமுறையில் தோக்கியோ சென்றிருந்தபொழுது, பழைய வாள்களை விற்கும் கடையொன்றினுள் நுழைந்தேன். ஜப்பானிய வாள் என்றாலே என் நெஞ்சு நடுங்கும். 1943ஆம் ஆண்டில் என் பாட்டனாரைத் தோட்டத்திலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசென்ற அதிகாரியின் இடையில் தொங்கியதும் அத்தகைய வாளே என்பார் பாட்டியார். பாட்டனார் மீளவில்லை.

கடைக்காரர் கைப்பிடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளிருந்த அடிப்பகுதி முழுதும் கருந்துரு. அதனூடே கொல்லன் பொறித்த பெயர். "இத்துருவைத் தேய்க்கலாகாது. இதுவே வாளின் வயதுக்குச் சான்று, தேய்த்தால் மதிப்பும் போய்விடும்" என்றார். பதிவுச் சான்றிதழ் இல்லாத வாளை அந்நாட்டில் விற்க இயலாது. வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் பண்பாட்டுத் துறையின் அனுமதியும் வேண்டும். தேசியச் செல்வமெனக் குறிக்கப்பட்டவை விலைபோய் வெளியேற வழியில்லை. போர்க்காலத்தில் ஆலைகளில் செய்து குவித்த படைவாள்களுக்கோ அங்குப் பதிவே கிடையாது.

ஒரு வாளுக்கு இத்தனை சான்றுகள்! சயாமில் மாண்ட என் பாட்டனாருக்குக் கல்லறையும் இல்லை. இறப்புச் சான்றிதழும் இல்லை. பாட்டியார் சொன்ன கதை ஒன்றே சான்று. அதனை ஆண்டுதோறும் என் மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். பழந்துயரை மறந்துவிடலாகாதா என்று வினவுவோர்க்கு, அக்கடைக்காரரின் சொல்லையே விடையாகத் தருகிறேன்: துருவைத் தேய்க்கலாகாது.