பெண் எலிக்கு வேலை இல்லை

சோதனைச்சாலைகளில் ஆண் எலிக்குத்தான் வேலைவாய்ப்பு அதிகம். விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்னலிஸ் பீரி, இர்விங் ஸக்கர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், 2009-ல் வெளியான விலங்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளை உட்கார்ந்து எண்ணி, 2011-ல் கணக்கை வெளியிட்டார்கள். மூளை, நரம்பு சம்பந்தப்பட்டவற்றில் ஆணை மட்டும் வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், பெண்ணை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல் ஐந்தரை மடங்கு!

காரணம் கேட்டால், பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு ஹார்மோன் சுழற்சி, கணக்கு எகிறும், ஆண் எலி ‘ஸ்டெடி’ என்பார்கள். 2014-ல் ஸக்கரும் சகாக்களும் 293 கட்டுரைகளின் எண்களைத் தோண்டிப் பார்த்தார்கள். பெண் சுண்டெலி ஆணைவிட அதிகமாக ஒன்றும் ஏறி இறங்கவில்லை. ஒரே கூண்டில் பல எலிகளைச் சேர்த்து அடைத்தால்தான் எண்கள் கலைந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும். கூட்டுக் குடித்தனம் பண்ணியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

எலி எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்கிறீர்களா? ஸோல்பிடெம் என்றொரு தூக்க மாத்திரை. அமெரிக்காவில் 1992-ல் அனுமதி கிடைத்தது. ஆணானாலும் பெண்ணானாலும் 10 மில்லிகிராம். 2013 ஜனவரியில் எஃப்.டி.ஏ. பெண்களுக்கு 5 போதும் என்று அறிவித்தது. பெண் உடம்பு அந்த மருந்தை மெதுவாக வெளியேற்றுகிறதாம். ராத்திரி போட்டது, காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் பாக்கி இருக்கும். பாதி மாத்திரை போதும் என்று சொல்ல இருபது வருஷம்.

இதன் பின்கதை நல்லெண்ணத்தில் தொடங்கியது. தாலிடோமைட் மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த பயத்தில், 1977-ல் எஃப்.டி.ஏ., பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993-ல்தான் அதை மாற்றினார்கள். பெண்ணைப் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று பெண்ணைப் பற்றிய தகவலையே இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

தகவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? என் பெரியம்மாவுக்கு ஒரு விடியற்காலை முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கல். கூட்டிப்போன இடத்தில், “கேஸ்தாம்மா, ஒண்ணுமில்லே” என்று அஜீரண மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. மறுநாள் வேறு இடத்தில் எடுத்தபோது, அட்டாக் வந்து ஒரு நாள் ஆகிவிட்டது என்றார்கள். பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவில்லை. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் கூடவே குமட்டல், மூச்சுத் திணறல், முதுகு, தாடை வலி எல்லாம் ஆண்களைவிட அதிகமாக வரும். பாடப்புத்தகத்து மாரடைப்புக்காரர் எப்போதும் மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்.

ஆண்களே, சந்தோஷப்பட வேண்டாம். எலும்புத் தேய்மானம் ‘பொம்பளை வியாதி’ என்று முத்திரை குத்தியதால் உங்களுக்கு யாரும் அதைத் தேடுவதில்லை. இடுப்பெலும்பு முறிந்தபின் ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்களின் விகிதம் ஆண்களில்தான் அதிகம்.

இதையெல்லாம் யார் ஆராய்வது? இளைஞர்கள்தான். எங்கள் ஃப்ளாட்டில் ஒரு பெண் உடலியலில் பி.ஹெச்டி. செய்கிறாள். வலி மருந்து பற்றிய ஆராய்ச்சி. இரண்டு பாலிலும் செய்ய வேண்டும் என்று ஆசை. கைடு, “முதல்ல ஆண் எலியில முடிச்சு தீசிஸ் குடும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்றாராம்.

“அவர் மேலே தப்பில்லே அங்கிள். அவர் கிராண்ட்டே மூணு வருஷந்தான். எனக்கு ஃபெல்லோஷிப் அஞ்சு வருஷம். நாலு முடியப்போகுது” என்றாள்.

2023-லிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பட்டினி இல்லை. ஆனால் கேள்வியைப் பெரிதாக்கினால் வருஷம் நீளும். வருஷம் நீண்டால் பணம் நிற்கும். அதனால் கேள்வி சுருங்கிவிடுகிறது. ஆண் எலி ஜெயிப்பது இப்படித்தான். இதில் வில்லன் யாருமில்லை.

அமெரிக்காவின் என்.ஐ.ஹெச். இதற்கு இரண்டு காரியம் செய்தது. 2000-ல், பெண்கள் நலமும் ஆண்-பெண் உடல் வேறுபாடும் ஆராயும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு திட்டம் ஆரம்பித்தது. சம்பளத்தைவிட முக்கியமான அம்சம், நேரத்தில் முக்கால் பங்கு ஆராய்ச்சிக்கே என்று எழுதி வாங்கியது. கூடவே வழிகாட்ட ஒரு மூத்தவர். இரண்டாவது, 2016 முதல் பணம் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி: ஆண், பெண் இரண்டையும் சேர்த்தீர்களா, இல்லையென்றால் ஏன்? ஒரு வரிக் கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்தால் யோசித்தாக வேண்டும்.

அடுத்த ஃப்ளாட் பெண், கைடைச் சம்மதிக்கவைத்து, பன்னிரண்டு பெண் எலிகள் வேண்டும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அனுமதி கிடைத்தால் தீசிஸ் ஆறு மாசம் தள்ளிப்போகும். ஃபெல்லோஷிப் தள்ளிப்போகாது.

அந்த ஆறு மாசத்துக்கு யார் பணம் கொடுப்பது? மந்திரிகள், கம்பெனிக்காரர்கள் யாராவது படித்தால் யோசிக்கவும். பாதி ஜனங்களின் மாத்திரை அளவு அதில் அடங்கியிருக்கிறது.