சேவல் கொண்டை மேல் ஒரு ஊர்

ஆற்றின் பெயர் ஆஸி. அரபியில் அடங்காதது என்று பொருள். அக்கம்பக்கத்து ஆறுகளுக்கு மாறாகத் தெற்கிலிருந்து வடக்கே போகிறது என்பதால் வந்த பெயர் என்பார்கள். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பிறந்து, ஹமா நகரத்தின் பெரிய நீர்ச்சக்கரங்களை முனகவிட்டுச் சுற்றவைத்து, அங்கிருந்து வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனதும் ஒரு நீண்ட பாறை முதுகின் அடியில் வளைகிறது. அந்தப் பாறைக்கு 'சேவல் கொண்டை' என்று பெயர். தெற்கே மட்டும் அது நிலத்தோடு ஒட்டியிருந்தது. அங்கேயும் பாறையை ஆழமாக வெட்டி அகழியாக்கிப் பிரித்துவிட்டார்கள். மேலே கோட்டை, கீழே பாலத்தடியில் ஊர். இதுதான் சிரியாவின் ஷைசர்.

பழைய ஊர். எகிப்தின் அமர்னா களிமண் ஏடுகளிலேயே இதன் பெயர் வருகிறது. அலெக்சாண்டருக்குப் பின்வந்த கிரேக்கர்கள் தங்கள் தெசலி நாட்டு ஊரின் நினைவாக இதற்கு லாரிசா என்று பெயரிட்டார்கள். அது ஒட்டவில்லை, பழைய பெயரே திரும்பி வந்தது. ஆனால் ஷைசரை இன்றும் ஒருவர் நினைக்கிறார் என்றால் அதற்குக் காரணம் 1081 முதல் 1157 வரை அதை ஆண்ட ஒரு குடும்பமும், அந்தக் குடும்பத்தில் பிறந்து, தொண்ணூறு வயது தாண்டியபின் உட்கார்ந்து கதை சொன்ன ஒரு கிழவரும்தான்.

குடும்பத்தின் பெயர் பனூ முன்கித். கினானா குலத்து அரபிகள். அந்தச் சமயம் கோட்டை பைசாந்தியர்கள் கையில், ஒரு ஆயரின் பொறுப்பில் இருந்தது. குடும்பத் தலைவர் அலி இப்னு முகல்லத் போர் தொடுத்து ஏறவில்லை. பாலத்தருகே தனக்கென்று ஒரு சிறு கோட்டை கட்டிக்கொண்டு நெருக்கினார். கடைசியில் 1081 டிசம்பரில் ஆயருக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டார். ஊர்க் கிறிஸ்தவர்களோடு எப்படிப் பழகினேன் என்று அவர் எழுதியதாக ஒரு கடிதத்தைப் பழைய வரலாற்றாசிரியர்கள் தருகிறார்கள்: அவர்களுடைய பன்றிகளை என் ஆடுகளோடு மேயவிட்டேன், கோயில் மணியையும் பாங்கையும் சேர்ந்தே ஒலிக்கவிட்டேன் என்கிறார். தாராள மனசு என்பதைவிட நல்ல வியாபாரம் என்று இதைச் சொல்லலாம். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்தால்தான் அந்தப் பாறைமேல் ஏற முடியும்.

கிழவரின் பெயர் உசாமா இப்னு முன்கித். பிறந்தது 1095 ஜூலை 4. அதே ஆண்டு நவம்பரில்தான் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப்போருக்கு அறைகூவல் விடுத்தார். ஆக, உசாமா தவழத் தொடங்கும் முன்பே அவர் வாழ்நாள் முழுவதையும் பிடித்துக்கொள்ளப்போகிற போர் கிளம்பிவிட்டது. அவர் இறந்தது 1188-ல், சலாஹுத்தீன் ஜெருசலேமைத் திரும்பப் பிடித்த மறு ஆண்டு. ஒரு மனிதன் இவ்வளவு பொருத்தமாகப் பிறந்து இறப்பது அபூர்வம்.

மேற்கிலிருந்து வந்தவர்களை உசாமா தன் நினைவுக் குறிப்புகளில் 'இஃப்ரஞ்ச்' என்கிறார். பிராங்குகள் என்ற பெயரின் அரபி வடிவம். பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆனது. கடல் தாண்டி நம்மிடம் பரங்கி என்று வந்து, ஒரு மலைக்கும் ஒரு பேட்டைக்கும் ஒரு காய்க்கும் பெயராக நின்றுவிட்டது. அதனால் நானும் இங்கே பரங்கிகள் என்றே எழுதுகிறேன்.

பரங்கிகள் முதன்முதலில் ஷைசர் வழியாகப் போனது 1099 ஜனவரியில். துலூஸ் கோமகன் ரேமோனின் படை ஜெருசலேமுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஷைசரின் அமீர் வாளெடுக்கவில்லை. வழிகாட்ட ஆள் அனுப்பினார், உணவும் குதிரையும் விற்றார். சீக்கிரம் ஊரைத் தாண்டிப் போனால் போதும் என்ற கணக்கு. அந்த வழிகாட்டிகள் தவறுதலாக, ஊர்க்காரர்கள் தங்கள் ஆடுமாடுகளை ஒளித்துவைத்திருந்த பள்ளத்தாக்குக்கே படையைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவ்வளவும் பறிபோனது.

அதன்பிறகு ஷைசர் நாலாபக்கமும் இடிபட்ட ஊர். வடக்கே அஃபாமியாவை 1106-ல் அந்தியோக்கியாவின் தாங்கிரெட் பிடித்துக்கொண்டான். மேற்கு மலைகளில் இஸ்மாயிலி நிஜாரிகள், ஐரோப்பியர்கள் 'அசாசின்' என்று அழைத்தவர்கள், இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே ஹமா, அலெப்போ, டமாஸ்கஸ் என்று ஒருவரை ஒருவர் நம்பாத முஸ்லிம் அதிபர்கள். 1115-ல் செல்ஜூக் சுல்தான் பரங்கிகளை அடக்க புர்சுக் என்ற தளபதியை அனுப்பினார். டமாஸ்கஸின் துக்தகினும் மார்தீனின் இல்காசியும் அந்தியோக்கியா ரோஜரோடு சேர்ந்து அவனுக்கு எதிராக நின்றார்கள். ஷைசர் மட்டும் புர்சுக் பக்கம். மதப்போர் என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தது இந்தப் பாறையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. இங்கே முதல் கேள்வி பக்கத்துக் கோட்டை இந்த வருஷம் யார் கையில் என்பதுதான். அவன் எந்த மதம் என்பது அதற்குப் பிறகு.

தாங்கிரெட் கதை ஒன்று. சமாதானம் ஏற்பட்ட ஒரு சமயம் அவன் ஷைசர் குதிரை ஒன்றைக் கேட்டனுப்பினான். ஹசனூன் என்ற குர்து இளைஞன் அதில் ஏறிப் போனான். ஒல்லியான, பார்க்க நன்றாக இருந்த வீரன். தாங்கிரெட் முன்னால் பந்தயம் நடந்தது, ஹசனூன் ஜெயித்தான். பரங்கி வீரர்கள் அவன் கைகளைத் தொட்டுப் பார்த்து வியந்தார்கள். தாங்கிரெட் அங்கி பரிசளித்தான். எனக்கு அங்கி வேண்டாம், என்றாவது போரில் நான் உங்களிடம் சிக்கினால் விட்டுவிட வேண்டும் என்று கேட்டான் இவன். சரி என்று சொன்னதாக ஹசனூன் புரிந்துகொண்டான். உசாமா இங்கே நிறுத்தி ஒரு வார்த்தை சேர்க்கிறார்: அவர்களுக்கு அவர்கள் மொழி தவிர வேறெதுவும் தெரியாது, என்ன சொன்னார்கள் என்று நமக்கெப்படித் தெரியும்? ஒரு வருஷம் போனது, சமாதானம் முறிந்தது, ஹசனூன் பிடிபட்டான். இடக்கண்ணைத் தோண்டப் போனார்கள். வலக்கண்ணைத் தோண்டுங்கள் என்றான் தாங்கிரெட். கேடயம் இடக்கையில்தானே பிடிப்பான், அது இடக்கண்ணை மறைக்கும், பிறகு அவனால் எதையும் பார்க்க முடியாது. அப்படியே செய்தார்கள். ஆயிரம் தினாரும் ஒரு கறுப்புக் குதிரையும் கொடுத்து உசாமாவின் தந்தை அவனை மீட்டார்.

அந்தத் தந்தை முர்ஷித் ஒரு தனிப்பிறவி. தலைமை அவருக்கு வந்தபோது வேண்டாம் என்று தம்பி சுல்தானிடம் விட்டுவிட்டார். 'சுல்தான்' பட்டமல்ல, தம்பியின் பெயரே அதுதான். முர்ஷிதுக்கு இரண்டே வேலை: குர்ஆனைக் கையால் எழுதுவது, வேட்டையாடுவது. நாற்பதுக்கு மேற்பட்ட முழுப் பிரதிகளை எழுதி வைத்துவிட்டு 1137-ல் இறந்தார். எழுத்து இல்லாத நேரத்தில் ராஜாளியும் நாய்களும். ஊருக்குத் தெற்கே மலையில் கவுதாரியும் முயலும். மேற்கே ஆற்றங்கரை நாணற்காட்டில் நீர்ப்பறவைகள், மான், சில சமயம் சிங்கம். ராஜாளி வாங்க கான்ஸ்டாண்டிநோபிளுக்கே ஆளனுப்புவாராம். பைசாந்தியப் பேரரசன் எதிரிதான், ஆனால் நல்ல பறவை அங்கேதானே கிடைக்கிறது.

ஒரு ஈஸ்டர் நாளில் பனூ முன்கித் ஆண்கள் ஊர்க் கிறிஸ்தவர்களின் கொண்டாட்டத்தைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனார்கள். அந்த நேரம் பார்த்து நூறு பேர்போல இஸ்மாயிலிகள் கோட்டைக்குள் புகுந்துவிட்டார்கள். அன்று கோட்டையைக் காப்பாற்றியது பெண்கள். சாளரங்களிலிருந்து கயிறு விட்டு ஆண்களை மேலே இழுத்தார்கள். ஃபுனூன் என்ற கிழட்டு வேலைக்காரி முக்காடு போட்டுக்கொண்டு வாளோடு சண்டைக்குப் போனாள். உசாமா வீட்டுக்கு ஓடிவந்து தன் ஆயுதங்களைத் தேடினார். சண்டை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் அம்மா. அக்கா பள்ளத்தாக்கைப் பார்த்த மாடத்தில் உட்கார்ந்திருந்தாள், அம்மா அவளுக்குப் பின்னால். இவள் ஏன் இங்கே என்று கேட்டார் உசாமா. அவர்கள் இங்கே வந்துவிட்டால் தள்ளிவிடலாம் என்று உட்கார்த்திவைத்தேன் என்றார் அம்மா. அம்மாவுக்கு நன்றி சொன்னதாகவும், அக்காவும் நன்றி சொன்னதாகவும் எழுதுகிறார் உசாமா. எனக்கு இந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

வந்தவர்களிலேயே பெரிய எதிரி 1138-ல் வந்தான். பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் ஜான் கொம்னெனஸ், கூடவே அந்தியோக்கியாவின் ரேமோன், எடெஸாவின் ஜோஸ்லின். ஏப்ரல் 28 முதல் மே 21 வரை முற்றுகை. கவண்பொறிகள் அம்பு எட்டாத தூரத்திலிருந்து பாறாங்கல் வீசின. கால் முறிந்த ஒரு வீரனைத் தூக்கிவந்தார்கள். கட்டுப்போடும் யஹ்யாவைக் கூப்பிடு என்றார் அமீர். யஹ்யா கோட்டைக்கு வெளியே ஒரு மறைவில் உட்கார்ந்து எலும்பைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கல் வந்து அந்த வீரனின் தலையைச் சிதைத்தது. யஹ்யா எழுந்து உள்ளே வந்தார். இவ்வளவு சீக்கிரம் கட்டிவிட்டாயா என்று கேட்டார் அமீர். இரண்டாவது கல் வந்தது, கட்டுப்போடும் வேலையை மிச்சப்படுத்திவிட்டது என்றார் யஹ்யா.

பேரரசன் தானே களத்தில் நின்றான். அவன் கூட்டாளிகள் கூடாரத்தில் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று பரங்கிகள் பக்கத்து வரலாற்றாசிரியரான தீர் நகரத்து வில்லியமே எழுதுகிறார். ஷைசர் விழுந்தால் அது ரேமோனுக்குப் போகும், பதிலுக்கு அந்தியோக்கியாவைப் பேரரசனிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பேரம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கடைசியில் ஷைசர் பணமும் பரிசும் கொடுத்துத் தப்பியது. பரிசுகளில் ஒன்று, 1071-ல் மன்சிகெர்ட் போரில் பேரரசன் ரோமானஸிடமிருந்து பறிபோன சிலுவை. அறுபத்தேழு வருஷம் முஸ்லிம்கள் கையில் இருந்துவிட்டு கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்பியது.

வைத்தியக் கதைகளையும் சொல்லவேண்டும். லெபனான் மலையின் முனைத்திரா என்ற ஊரின் பரங்கித் தலைவன் தன் ஆட்களுக்கு வைத்தியம் பார்க்க ஆள் கேட்டான். உசாமாவின் சித்தப்பா சுல்தான், தாபித் என்ற கிறிஸ்தவ வைத்தியரை அனுப்பினார். பத்தே நாளில் தாபித் திரும்பி வந்தார். காலில் கட்டி வந்த ஒரு வீரனுக்கு அவர் பற்றுப் போட, கட்டி உடைந்து தேறிவந்தது. அப்போது ஒரு பரங்கி வைத்தியன் வந்தான். ஒரு காலோடு வாழ்கிறாயா, இரண்டு காலோடு சாகிறாயா என்று கேட்டுக் கோடாலியால் வெட்டச் செய்தான். வீரன் செத்தான். ஒரு பெண்ணின் தலையைச் சிலுவைபோலக் கீறி உப்பைத் தேய்த்தான். அவளும் செத்தாள். இன்னும் என்னால் ஏதும் ஆகவேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றார் தாபித்.

இந்தக் கதையை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அடுத்ததைச் சொல்லமாட்டார்கள். ஷைசரில் அபுல் ஃபத்ஹ் என்ற கைவினைஞரின் மகனுக்குக் கண்டமாலை. வேலையாக அந்தியோக்கியா போனபோது பையனையும் கூட்டிப்போனார். அங்கே ஒரு பரங்கி பையனின் கழுத்தைப் பார்த்துவிட்டு, மருந்து சொல்கிறேன், ஆனால் இதை வைத்து யாரிடமும் காசு வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய் என்றான். சாம்பலும் ஆலிவ் எண்ணெயும் காடியும் சேர்ந்த மருந்து. பையன் குணமானான். அதே மருந்தைப் பலருக்குக் கொடுத்தேன், கேட்டது என்று உசாமாவே எழுதுகிறார்.

உசாமாவைக் கடைசியில் ஊரைவிட்டுத் துரத்தியது பரங்கி அல்ல, சித்தப்பா. பிள்ளையில்லாத வரை சித்தப்பா இவரை வாரிசுபோல வளர்த்தார். வயதான காலத்தில் மகன்கள் பிறந்ததும் பார்வை மாறியது. ஒருமுறை உசாமா ஒரு சிங்கத்தைக் கொன்று அதன் தலையோடு ஊருக்குள் வந்தார். இரவில் பாட்டி கூப்பிட்டார். இதனால் சித்தப்பாவுக்கு உன்மேல் பிரியம் கூடும் என்று நினைக்கிறாயா, பயம்தான் கூடும் என்றார். 1138-லேயே உசாமா வெளியேற்றப்பட்டார். பிறகு டமாஸ்கஸ், கெய்ரோ, மறுபடி டமாஸ்கஸ். எகிப்திலிருந்து குடும்பத்தைக் கப்பலில் வரவழைத்தபோது, ஜெருசலேம் மன்னனின் பாதுகாப்பு வாக்குறுதி கையில் இருந்தும், அக்கா என்ற துறைமுக நகரத்தருகே மன்னனின் ஆட்களே கொள்ளையடித்தார்கள். பெண்டு பிள்ளைகள் பிழைத்ததே போதும் என்கிறார் உசாமா, ஆனால் நாலாயிரம் புத்தகங்கள் போனது வாழ்நாள் முழுக்க ஆறாத புண் என்றும் சொல்கிறார்.

துரத்தப்பட்டதால்தான் பிழைத்தார். 1157 ஆகஸ்டில் சித்தப்பா மகன் தாஜுத்தவ்லா தன் பிள்ளையின் சுன்னத்துக் கல்யாணத்துக்குக் குடும்பம் முழுவதையும் கோட்டைக்கு அழைத்திருந்தான். பூமி அதிர்ந்தது. வீட்டு வாசலில் அவன் செல்லக் குதிரை கட்டியிருந்தது. வெளியே ஓடிவந்த முதல் ஆளைக் குதிரை உதைத்தது, அவன் அங்கேயே விழுந்தான், பின்னால் வந்தவர்கள் வாசலைத் தாண்டமுடியவில்லை என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதுகிறார். தாஜுத்தவ்லாவின் மனைவி ஒருத்தியை மட்டும் இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். எழுபத்தாறு வருஷம் எந்தப் படையாலும் ஒழிக்கமுடியாத குடும்பம் ஒரு விருந்து நேரத்தில் முடிந்தது.

இடிந்த ஊரைப் பிடிக்கப் பரங்கிகள் ஓடிவந்தார்கள். கீழ் ஊரைப் பிடித்தும்விட்டார்கள். பிளாண்டர்ஸ் கோமகன் தியரிக்கு அதைக் கொடுப்பதாக ஏற்பாடு. அப்படியானால் எனக்கு அடங்கியிருப்பதாக உறுதிமொழி தரவேண்டும் என்றான் அந்தியோக்கியாவின் ரெனால்ட். ஜெருசலேம் மன்னருக்குத் தருவேன், உனக்குத் தரமாட்டேன் என்றான் தியரி. சண்டை முற்றி முற்றுகையே கலைந்தது. அலெப்போவையும் டமாஸ்கஸையும் ஆண்ட நூருத்தீன் வந்து கோட்டையை எடுத்துக்கொண்டு திரும்பக் கட்டினார். பிறகு அய்யூபிகள், மம்லூக்குகள். இன்று நிற்கும் வாயிலில் 1290-ஆம் ஆண்டு, மம்லூக் சுல்தான் கலாவூனின் கல்வெட்டு இருக்கிறது. போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூடக் கோட்டைக்குள் குடியிருந்தவர்கள் உண்டு. பிறகு ஊர் கீழே இறங்கிவிட்டது. பக்கத்து ஊர் மஹர்தா இன்றும் கிறிஸ்தவர்களின் ஊர்.

உசாமாவின் அந்த நினைவு நூலான 'கிதாபுல் இஃதிபார்' ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் பிழைத்திருக்கிறது. அதை ஸ்பெயினின் எஸ்கோரியல் மடத்து நூலகத்தில் 1880-ல் கண்டெடுத்தவர் ஹார்ட்விக் டெரன்பூர்க். முதல் 21 தாள்கள் இல்லை. பிலிப் ஹிட்டியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1929-ல் வந்தது. தமிழில் நான் இதுவரை பார்த்ததில்லை. நம் ஊர் மதரசாக்களில் அரபி படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஆங்கிலத்தைச் சுற்றி வராமல் நேரே மூலத்திலிருந்து கொண்டுவர வேண்டும். பரங்கி என்ற சொல்லையாவது மொழிபெயர்க்க வேண்டியிருக்காது.