பொடி வைக்காத சங்கிலி

சென்ற மாதம் எமது கைக்கடிகாரம் மணிக்கட்டை விட்டு நழுவத் தொடங்கியது. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் முழங்கைப் பக்கம் சரிகிறது. இறக்கினால் புறங்கையில் வந்து நிற்கிறது. கடிகாரம் எச்.எம்.டி., பட்டை வெள்ளி. கடைவீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் இளைஞரிடம் கொண்டுபோனோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் செருகிக்கொண்டு, பட்டையை வளைத்தும் நீட்டியும் பார்த்துவிட்டு, "செயின் நீண்டு போச்சு சார்" என்றார்.

வெள்ளி நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஆணி நுழையும் துளை தேய்ந்திருந்தது. வட்டமாக இருந்தது முட்டை வடிவம் கொண்டிருந்தது. ஓரிடத்துத் தேய்மானம் 0.2 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கே தெரியாது. இருபத்து மூன்று ஆணிகள் உள்ள பட்டையில் அதுவே நாலரை மில்லிமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. "ஓட்டையெல்லாம் பொடி வெச்சு அடைச்சிட்டு, புதுசா துளை போட்டுக்கலாம் சார். இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றார் அவர். நல்ல யோசனைதான். ஆனால் நாம் அவசரமாக வேண்டாம் என்று சொல்லிப் பட்டையை வாங்கிக்கொண்டோம். ஏன் என்று அவர் கேட்டார். கடை வாசலில் நின்று சொல்லக்கூடியதாக அந்தக் காரணம் இல்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறோம். நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டும்.

*

எம் தந்தையார் பொற்கொல்லர். கோவைப் பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பத்தடிக்கு எட்டடியில் பட்டறை. அட்டிகை செய்வோரும் தோடு செய்வோரும் அக்கம்பக்கத்தில் இருந்தனர், தந்தையார் சங்கிலிக்காரர். அதிலும் திருமணத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் கைச்சங்கிலிதான் அவர் கைக்கு அதிகம் வந்த வேலை. 1963ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றானபோது, எம் பாட்டனார் உலையை அணைத்துவிட்டு மூன்று ஆண்டுகள் விறகுக்கடையில் கணக்கெழுதினார். அந்நாளில் பிழைக்க வழியின்றி உயிரை மாய்த்துக்கொண்ட பொற்கொல்லர்களின் கதைகளைக் கேட்டுத்தான் எம் தந்தையார் வளர்ந்தார். "வேலை போனாக்கூடத் திரும்பி வரும் கண்ணு, பேரு போனா வராது" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாசகம்.

சங்கிலி செய்வது பார்ப்பதற்கு எளிய வேலை; செய்வதற்கு அப்படியன்று. முதலில் பொன்னை உருக்கி வார்த்துக் கோலாக்க வேண்டும். பிறகு, சிறிதிலும் சிறிதாகத் துளைகள் வரிசையிட்ட எஃகுத் தகட்டின் வழியே அதை இழுத்து இழுத்துக் கம்பியாக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பொன் விறைத்துக்கொள்ளும். அப்போது செந்நிறம் காணும்வரை காய்ச்சினால் மறுபடி இளகிக் கொடுக்கும். கம்பியின் தடிமன் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். ஒரு விரல் நீளக் கோல் எங்கள் திண்ணையின் நீளத்துக்கு வளர்வதைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறோம்.

அந்தக் கம்பியை இரும்புக் கோலில் நெருக்கமாகச் சுற்றி, நெடுக அறுத்தால் வளையங்கள் உதிரும். இவையே கண்ணிகள். கோலின் பருமன் எவ்வளவு, கம்பியின் பருமன் எவ்வளவு என்பதில்தான் சங்கிலியின் வடிவமைப்பு முழுவதும் இருக்கிறது. கண்ணியின் உள்விட்டம் கம்பியின் தடிமனைப்போல் இரு மடங்குக்கு மேல் இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அசைய இடமிராது. சங்கிலி கோலைப் போல விறைத்து நிற்கும். மிகுதியாக இருந்தால் தளர்ந்து தொங்கும். எடை இருந்தும் கனம் தெரியாது. நீட்டிப் பிடித்த சங்கிலியில் ஒரு கண்ணி சேர்க்கும் நீளம் அதன் உள்விட்டம் மட்டுமே. கம்பியின் தடிமன் அடுத்த கண்ணிக்குள் மறைந்துவிடுகிறது. மாப்பிள்ளையின் மணிக்கட்டை ஒரு நூலால் அளந்துகொண்டு வந்து, தந்தையார் விரல்விட்டு எண்ணிக் கண்ணிகளின் தொகையைச் சொல்வார். தப்பாது.

கோப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முதலில் பாதிக் கண்ணிகளைத் தனித்தனியே பற்றவைத்து மூடிவிடுவார். மூடிய இரண்டைத் திறந்த ஒன்றால் இணைத்தால் மூன்று. மூன்றும் மூன்றும் ஒரு கண்ணியால் சேர்ந்தால் ஏழு. பிறகு பதினைந்து, முப்பத்தொன்று. இப்படிச் செய்தால் ஏற்கெனவே பற்றவைத்த இடத்தின் அருகே மீண்டும் மீண்டும் நெருப்பு படாது. பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு குறடுகளால் கண்ணிகளின் வாயை மூடித்தருவது எம் வேலை. வாயை அகல இழுத்து மூடினால் வட்டம் கெட்டுவிடும். பக்கவாட்டில் முறுக்கித் திறந்து, அதேபோல் முறுக்கி மூட வேண்டும். பிற்காலத்தில் முதுகலை வகுப்பில், 'கண்ணி' என்னும் சொல்லுக்குத் தலையில் சூடும் மாலை, பறவை பிடிக்கும் வலை, ஈரடிச் செய்யுள் என்றெல்லாம் பொருள் படித்து, தாயுமானவரின் பராபரக் கண்ணியில் வந்து நின்றபோது, எமக்கு முதலில் நினைவில் வந்தது இடக்கைக் கட்டைவிரலில் குறடு பதிந்த தழும்புதான்.

மூடிய வாயைப் பற்றவைப்பது தந்தையார் மட்டுமே செய்வது. வெண்காரம் தடவி, அதன்மேல் சாமணத்தால் கடுகினும் சிறிய ஒரு துணுக்கை வைத்து, ஊதுகுழலால் தீயை அதன்மேல் செலுத்துவார். அந்தத் துணுக்குக்குப் பட்டறையில் பொடி என்று பெயர். பொன்னோடு வெள்ளியும் செம்பும் கூடுதலாகக் கலந்தது. அதனால் பொன்னுக்கு முன்னதாக உருகி இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். மறைபொருளாகக் குத்திப் பேசுவதைப் பொடிவைத்து ஊதுவது என்கிறோம் அல்லவா? அது இந்தத் தொழிலிலிருந்து பேச்சுக்குப் போன வழக்கு. அது எங்கள் வீட்டுக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

*

1991ஆம் ஆண்டு. எமக்கு வயது பதினொன்று. ஒரு குடும்பத்தார், தந்தையார் நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்துகொடுத்த இரண்டு பவுன் கைச்சங்கிலியை வேறொரு கடையில் உருக்கக் கொடுத்திருக்கிறார்கள். 22 காரட் என்று சொல்லிச் செய்த நகை, உருக்கிப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருக்கிறது. உருக்கிய கட்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஐந்தாறு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மூன்று வரிசையாகப் பின்னிய மெல்லிய சங்கிலி அது. முந்நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். தந்தையார் சொல்ல முயன்றார். பொன் 22 காரட்தான், ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பொடி இருக்கிறது. அத்தனையும் உருகிப் பொன்னோடு கலந்தால் மொத்த மாற்றுச் சற்றுக் குறையத்தான் செய்யும். வளையலில் இரண்டு பற்று, சங்கிலியில் முந்நூறு பற்று என்றார். வந்தவர்களில் பெரியவர் ஒருவர், பெற்ற தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுக்கும் தட்டானைப் பற்றிய பழமொழியைச் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது. குறைந்த பொன்னைத் தந்தையார் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றி நிறுத்துக் கொடுத்தார்.

கணக்கு இதுதான். ஒரு பேச்சுக்கு, 16 கிராம் சங்கிலியில் ஒரு கிராம் பொடி என்று வைத்துக்கொள்வோம். பொன் நூற்றுக்கு 91.6 பங்கு சுத்தம். பொடி 75 பங்கு. சேர்த்து உருக்கினால் 90.6 வரும். குறைவது ஒரு பங்கு. பொன்னாகச் சொன்னால் ஏறத்தாழ 170 மில்லிகிராம். யாரும் எதையும் எடுக்கவில்லை. ஆனால் இதை நிரூபிக்க வேண்டுமானால் பற்றுக்களைக் காட்ட வேண்டும். உருக்கிய கட்டியில் பற்று எங்கே இருக்கிறது? சோதனையே சாட்சியத்தை அழித்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கல்லூரிக் காலத்தில்தான் நாம் போட்டுப் பார்த்தோம். அன்று கதவின் பின்னால் நின்றிருந்த பதினொரு வயதில் எமக்குக் கணக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் போனபின் தந்தையார் திரும்பிப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டோம். ஊரார் நம்பவில்லை என்பதை அவர் எதிர்பார்த்திருப்பார். இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

*

பின்னர் கேடிஎம் வந்தது. 92 பங்கு பொன்னும் 8 பங்கு காட்மியமும் சேர்ந்த பொடி. இதைக்கொண்டு பற்றவைத்த சங்கிலியை உருக்கினால் மாற்றுக் குறையாது. நகைக்கடைகளின் பெயர்ப்பலகைகளில் அந்த மூன்றெழுத்து மின்னியதை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாங்குவோருக்கு அது நாணயத்தின் முத்திரை. தந்தையார் தெருவில் முதல் ஆளாக அதற்கு மாறினார். அவர் அதை எவ்வளவு ஆவலோடு வரவேற்றார் என்பது எமக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

காட்மியம் பொன்னோடு தங்குவதில்லை. தீயில் ஆவியாகிப் பழுப்புப் புகையாக எழும். அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. கண்ணுக்கு அருகில் பிடித்து ஊதுகுழலால் ஊதுகிற மனிதர் அடுத்த மூச்சை அந்தப் புகையிலிருந்துதான் இழுக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு இருந்தது ஒரே ஒரு சன்னல். ஒரு வளையலுக்கு இரண்டு மூச்சு என்றால் ஒரு சங்கிலிக்கு முந்நூறு மூச்சு. இந்தியத் தர நிறுவனத்தின் ஹால்மார்க் முத்திரை 2000ஆம் ஆண்டில் தங்கத்துக்கு வந்தது. 2021இல் அது கட்டாயமாகத் தொடங்கியது. காட்மியத்துக்கு அதில் இடமில்லை. இன்று கதிர்வீச்சுக் கருவியின் கீழ் நகையை வைத்தால், உடைக்காமலே உருக்காமலே மாற்றைச் சொல்லிவிடுகிறது. இவையெல்லாம் நல்லவை. இடைப்பட்ட ஆண்டுகளில் தந்தையாருக்கு இருமல் தொடங்கி, மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. மருத்துவர் எத்தனை ஆண்டுப் புகை என்று கேட்டார். கரிப்புகை, அமிலப்புகை, காட்மியப்புகை எல்லாம் சேர்த்து நாற்பது ஆண்டு என்று நாம் சொன்னோம்.

அதற்குள் கைச்சங்கிலித் தொழிலும் கைமாறிவிட்டது. நடுவில் பற்றுப்பொருளை வைத்தே இழுத்த கம்பியை எந்திரம் தானே வளைத்து, தானே கோத்துத் தள்ள, உலையில் ஒருமுறை போய்வந்தால் சங்கிலி ஆயத்தம். ஊதுகுழலுக்கு அங்கே வேலையில்லை.

*

2006இல் எமக்குக் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. முதல் பருவத்திலேயே சிலப்பதிகாரம் மதுரைக் காண்டம் நடத்தும்படி ஆயிற்று. கொலைக்களக் காதையில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கோவலனைக் கள்வனாக்குகிற இடம் வந்தபோது, ஒரு மாணவர் எழுந்து அதே பழமொழியைச் சொல்ல, வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். எம் தந்தையின் தொழிலை அங்கே சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தவரின் எதிரே உட்கார்ந்தோம். வகுப்பு எப்படி என்றார். நன்றாக இருந்தது என்றோம்.

அந்த ஆண்டு தீபாவளிக்குச் சில நாள் முன்பு, மூடிக்கிடந்த பட்டறையைத் திறந்து அவர் ஏதோ செய்துகொண்டிருந்தார். உலை மூட்ட மருத்துவர் தடை சொல்லியிருந்தார், அவர் மூட்டவில்லை. கடையிலிருந்து வெள்ளித் தகடும், அதே வெள்ளியில் இழுத்த கம்பியும் வாங்கி வந்திருந்தார். தகட்டிலிருந்து சிறு துண்டுகளை வாளால் அறுத்தார். நடுவில் ஒன்று, இரு ஓரங்களில் இரண்டு என மாறிமாறி அடுக்கினார். துளையிட்டுக் கம்பியை ஆணியாகச் செருகி, இரு முனையையும் தட்டிப் பரப்பினார். இறுகப் பொருந்தினால் பட்டை வளையாது என்பதற்காக, ஒவ்வோர் இணைப்பிலும் நாட்காட்டித் தாளின் ஒரு துண்டை இடையில் வைத்து ஆணியைத் தட்டி, பிறகு தாளை உருவி எடுத்தார். அந்தத் தாளின் கனமே கண்ணிக்கும் கண்ணிக்கும் அவர் விட்ட இடைவெளி. கடிகாரத்தின் அருகே 18 மில்லிமீட்டர் அகலம், கொக்கியின் அருகே 16. கையின் மயிரைப் பிடித்து இழுக்காதபடி உள்விளிம்புகளை அரத்தால் மழுக்கியிருந்தார். மூச்சு வாங்க வாங்க, பதினோரு நாள் வேலை.

எம் கையில் கட்டிவிட்டு, பட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவினார். "இதுல ஒரு பொடிகூட வெக்கல கண்ணு. எப்ப வேணாலும் உருக்கிப் பாத்துக்கோ. மாத்துக் கொறையாது" என்றார்.

பொடிவைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை. அன்றும் அவர் வெறுமனே வேலையைப் பற்றித்தான் சொன்னாரா, அல்லது கதவின் பின்னால் தலைகுனிந்து நின்ற சிறுவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பதில் சொன்னாரா, எமக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கை நாம் எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டோம், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல அதைவிடத் தகுந்த தருணம் அமைந்திருக்காது. "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னோம். 2011இல் அவர் காலமானார். அவர் மாட்டித்தந்த கடிகாரத்தைச் செய்த நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

*

ஆகவேதான் பழுதுபார்க்கும் இளைஞரின் யோசனையை நாம் ஏற்கவில்லை. மறுவாரம் மீண்டும் அவரிடமே போனோம். துளைகளை அடைக்க வேண்டாம், தேய்ந்த துளைகளைச் சற்றே பெரிதாக்கி, அதே வெள்ளியில் கொஞ்சம் தடித்த ஆணிகளைச் செருகித் தர முடியுமா என்று கேட்டோம். நேரம் பிடிக்கும், கூலி கூடும் என்றார். சரி என்றோம். ஆணி தட்டும்போது இடையில் வைக்கத் தாள் வேண்டும் என்றும் சொன்னோம். அவர் எம்மை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம் தெரியும்?" என்றார்.

"எங்கப்பா ஆசாரி. சங்கிலி செய்யறவர்" என்றோம்.

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எம் மாணவர். இந்தப் பருவத்திலும் மதுரைக் காண்டம் எமக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.