வால்வு மாற்றும்போது

விருதுநகர், சிவகாசிப் பக்கம் ‘ரேடியோ செட்’ என்றால் வீட்டில் பாடும் ரேடியோ அல்ல. குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், ரிக்கார்டு பிளேயர், மைக் எல்லாம் சேர்ந்ததுதான் ரேடியோ செட். பங்குனிப் பொங்கலோ கல்யாணமோ, முதலில் மரத்தில் குழாய் ஏறும். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கிளம்பினால் ஊருக்கே விசேஷம் தெரிந்துவிடும்.

என் அத்தான் முப்பது வருஷம் அந்தத் தொழில் செய்தவர். டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்த பிறகும் ஒரே ஒரு வால்வு ஆம்ப்ளிபயரை மட்டும் விற்காமல் வைத்திருந்தார். கிட்டார் வாசிக்கும் அவர் பேரன் போன மாதம் அதைக் கேட்டான். சத்தத்தைக் கூட்டும்போது வால்வு சட்டென்று கரடுதட்டாது. மெல்ல மெல்லத்தான் கரகரக்கும். கிட்டார்காரர்களுக்கு வேண்டியது அந்தக் கரகரப்புத்தான். பெண்டர் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் 6எல்6 வால்வு, மார்ஷலில் பெரும்பாலும் இஎல்34. அத்தான் செட்டில் இருந்ததும் ஒரு ஜோடி 6எல்6ஜிசி.

திறந்து பார்த்தோம். ஒரு வால்வின் உச்சியில் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்துக் கிடந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இனி அது ஆகாது.

“கேடி88 போடுவோம் தாத்தா, பவர் கூடும்” என்றான் பேரன். “இருந்ததையே போடுடா” என்றார் அத்தான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். தொலைபேசித் துறையில் மீட்டரும் கையுமாக இருந்தவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

பையனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வால்வுக்குள் எரியும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். 6எல்6ஜிசி இழுப்பது 0.9 ஆம்பியர், கேடி88 இழுப்பது 1.6. ஜோடிக்கு 1.8 ஆம்பியர் கொடுத்துப் பழகிய டிரான்ஸ்பார்மர் இனி 3.2 கொடுக்க வேண்டும். அது சூடேறிக் கருகினால் அதே அளவில் இன்னொன்று கடையில் கிடைக்காது. சுற்றத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். வால்வு மட்டும் பெரிதானால் பவரும் வந்துவிடாது. வாளியைப் பெரிதாக்கினால் கிணற்றில் ஊற்று கூடுமா?

இஎல்34-க்கும் 1.5 ஆம்பியர் வேண்டும். அதோடு அதன் முதல் காலை எட்டாம் காலோடு இணைத்தாக வேண்டும். 6எல்6ஜிசியில் அந்த முதல் காலுக்கு வேலையில்லை என்பதால் பழைய மெக்கானிக்குகள் சாக்கெட்டில் அந்த இடத்தில் வேறு வயரைப் பற்றவைத்திருப்பார்கள். பார்க்காமல் செருகினால் வம்பு. வெறும் ‘6எல்6’ என்று வாங்கினாலும் சரிவராது. பழைய 6எல்6-இன் பிளேட் தாங்குவது 19 வாட், ஜிசி தாங்குவது 30.

ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸே வால்வு செய்தது. இப்போது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்துதான் வருகிறது. ஒன்று மட்டும் போனாலும் அளந்து ஜோடி சேர்த்ததாகவே இரண்டு வாங்கச் சொன்னேன். இரண்டும் மாறி மாறிப் பாரம் இழுக்கும் மாடுகள். ஒன்று சோர்ந்தால் மற்றது தேயும்.

புது ஜோடி வந்ததும் பயாஸ் வைத்தோம். பிளேட்டில் 400 வோல்ட். ஒவ்வொரு வால்வுக்கும் 40 மில்லியாம்பியர் வைத்தேன். 16 வாட் ஆகிறது. 50 வரை போகலாம்தான். ஆனால் எங்கள் தெருவில் நடுராத்திரிக்கு மேல் வோல்டேஜ் ஏறும். அதற்கு இடம் விட வேண்டாமா? செட்டை அணைத்த பிறகும் கண்டன்சரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும், ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும் என்ற இரண்டையும் பையனைத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் வாசிக்கச் சொன்னார் அத்தான். அவர் கண் கிட்டார் பக்கம் போகவே இல்லை. வால்வின் பிளேட் எங்காவது சிவக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். சிவக்கவில்லை.

“எடுத்துட்டுப் போ. வால்வு போனா சொல்லு, பாத்துக்கலாம். டிரான்ஸ்பார்மர மட்டும் கெடுத்துறாத” என்றார். எழுபத்தெட்டு வயதில் தன் கடைசி செட்டை அவர் கைமாற்றிக் கொடுத்தது அப்படித்தான்.