ஏழு பயணம், ஒரு நாடு

எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் இந்தியாவில் பயணம் கிளம்புபவரின் தலைவலி. ஓர் இயற்கை அதிசயத்தையும் அதன் வாசலில் இருக்கும் நகரத்தையும் ஜோடியாகத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி தீரும்.

மத்திய அரசு ஊழியர் ஒருவர் எல்.டி.சி. சலுகையில் சொந்த ஊருக்குப் போவது போக, இந்தியாவின் ஏதாவது ஒரு மூலைக்குப் போய்வர நான்காண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. முப்பதாண்டு சர்வீஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏழு பயணம், மிஞ்சிப்போனால் எட்டு. தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் கணக்கு பெரிதாக மாறிவிடாது. பிள்ளைகளின் பரீட்சை, பெற்றோரின் உடல்நிலை, உறவில் கல்யாணம் எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

நாடோ 32.87 லட்சம் சதுர கி.மீ. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அருணாசலத்தில் சூரியன் உதித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்குக் கரையில் விடிகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மட்டும் 2025 நிலவரப்படி இந்தியாவின் 44 இடங்கள் உள்ளன. ஏழு பயணத்தில் இவை அடங்கா. அடக்கப் பார்ப்பவர்களுக்காகத்தான் 'ஏழு நாளில் ஒன்பது ஊர்' என்று டூர் கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. போய்வந்தவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நன்றாக நினைவிருப்பது பஸ்ஸின் ஜன்னல் இருக்கைக்கு நடந்த சண்டைதான்.

எல்லோரும் போகும் ஆறு வாரம்

முதல் எதிரி பள்ளிக்கூட காலண்டர். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் நாடே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லா, மனாலி, நைனிதால், ஊட்டி என்று அதே சில மலைகளில் ஏறுகிறது. மலைகளால் தாங்க முடியவில்லை. 2018 கோடையில் சிம்லாவில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது, 'தயவுசெய்து இந்த வருஷம் வராதீர்கள்' என்று ஊர்க்காரர்களே சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது.

இன்னொரு வேடிக்கை உண்டு. இந்தியாவின் இயற்கை அதிசயங்களில் பல மே மாதத்தில் அதிசயமாகவே இருப்பதில்லை. கர்நாடகத்தின் ஜோக் அருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரைகளாக 253 மீட்டர் கீழே விழுகிற இடம். மேலே லிங்கனமக்கி அணை 1964-ல் கட்டி முடிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஆற்று நீர் முதலில் மின்சாரத்துக்கு, மிச்சம்தான் அருவிக்கு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய் நிற்பவர் காண்பது கறுத்த பாறையும் நாலு நூலிழையும். அதே இடத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் மழை வலுத்து அணையின் உபரி நீரும் திறந்துவிடப்பட்டால், பேசுவது காதில் விழாது.

ஆக, இடத்தை முடிவு செய்துவிட்டு லீவு போடுவதைவிட, எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று பார்த்து அந்த மாதத்துக்குரிய இடத்தைத் தேடுவதே புத்திசாலித்தனம். தசரா, டிசம்பர் கடைசி வாரம், ஜனவரி குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள் எல்லாம் மே மாதத்தைவிட உத்தமம்.

அடுத்தது ஜோடி. நகரத்தை மட்டும் பார்த்தால் கடைத்தெருவும் மியூசியமும் மிஞ்சும். காட்டையோ பாலையையோ மட்டும் பார்த்தால் இரண்டாம் நாளே பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஒன்றையொன்று விளக்கும் நகரமும் நிலமும் சேர்ந்தால்தான் போன காசுக்கு மதிப்பு.

கொல்கத்தாவும் சுந்தரவனமும்

சியால்தா ஸ்டேஷனிலிருந்து கேனிங் ஊருக்கு லோக்கல் ரயிலில் சுமார் 45 கி.மீ. விடியற்காலையில் கேனிங்கிலிருந்து வரும் ரயில்கள் பெண்களால் நிரம்பி வழியும். கொல்கத்தா வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் தினமும் வந்துபோகிறவர்கள் இவர்கள். சுந்தரவனத்துக்கு எதிர்த்திசையில் போகும் பயணி கவனிக்க வேண்டிய முதல் காட்சி புலி அல்ல, இதுதான்.

கேனிங்கே ஒரு பாடம். ஹூக்ளி ஆறு மணல் மேடிட்டுப் போகிறது, மாத்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்டலாம் என்று ஆங்கிலேய ஆட்சி திட்டமிட்டது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1853-லேயே எச்சரித்தார்: புயல் வந்தால் கடல் பொங்கி எல்லாவற்றையும் கொண்டுபோகும். 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான். யாரும் கேட்கவில்லை. 1867-ல் வந்த புயல் துறைமுகத்தைச் சூறையாடியது. சில ஆண்டுகளில் துறைமுகமே கைவிடப்பட்டது.

அங்கிருந்து சாலை வழியே கோத்காலி, பிறகு படகு. இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அவற்றில் 54-ல் மக்கள் குடியிருக்கிறார்கள். தினமும் இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. நீர் வடியும்போது சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் ஈட்டி போல மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். சேற்றில் முதலை படுத்திருக்கும். கரையோரம் புள்ளிமான் மேயும். இந்தியப் பக்கம் சுமார் 100 புலிகள் இருப்பதாகக் கணக்கு. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதன் காலடித் தடத்தை மட்டும்தான். தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் போகிறவர்கள், இந்துக்களானாலும் முஸ்லிம்களானாலும், போன்பீபி என்ற காவல் தேவதையைக் கும்பிட்டுவிட்டே போகிறார்கள்.

2009-ல் ஐலா, 2020-ல் ஆம்பன். ஒவ்வொரு புயலின் முதல் அடியையும் இந்தச் சதுப்புக் காடுகள்தான் வாங்கிக்கொள்கின்றன. இவை இல்லாவிட்டால் கொல்கத்தாவின் நிலை என்ன என்பது திரும்பி வந்து டிராமில் உட்கார்ந்தால் புரியும். 1873-ல் முதன்முதலாக ஓடத் தொடங்கிய அந்த டிராமும் இன்று ஏறக்குறைய கடைசி மூச்சில்தான் இருக்கிறது. கோராமாரா போன்ற தீவுகளைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. தள்ளிப்போடக் கூடாத பயணம் இது.

அகமதாபாத்தும் ரண் உப்பு வெளியும்

கட்ச் பகுதியின் ரண் மழைக்காலத்தில் நீர் நிற்கும் ஆழமற்ற கடல். அக்டோபருக்குப் பிறகு நீர் வற்ற, உப்பு படிந்து அடிவானம் வரை வெள்ளை. பௌர்ணமி இரவில் தரை எது, வானம் எது என்று தடுமாற வைக்கும். எல்லைப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

இதற்கு ஜோடி அகமதாபாத். 2017-ல் உலகப் பாரம்பரிய நகரம் என்று இந்தியாவில் முதன்முதலாக யுனெஸ்கோ அறிவித்தது இந்த ஊரைத்தான். பழைய நகரின் 'போள்' எனப்படும் குடியிருப்புகளில் சந்துக்குள் சந்து போகும். பல வீடுகளின் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. சற்றுத் தள்ளி அடாலஜில், பூமிக்குள் படிப்படியாக இறங்கும் 15-ஆம் நூற்றாண்டுக் கிணறு. ஒரு பக்கம் குடிக்க முடியாத நீர் உப்பாகக் கிடக்கிற நிலம். மறு பக்கம் ஒவ்வொரு துளி நல்ல நீருக்கும் மாளிகை கட்டிய மக்கள். 1930 மார்ச் 12 அன்று காந்தி சபர்மதி ஆசிரமத்திலிருந்து உப்புக்காக ஏன் நடந்தார் என்பதும் இந்த மண்ணில் நின்றால் வேறு மாதிரி விளங்கும். சின்ன ரண்ணில் உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் இன்றும் ஆண்டில் பல மாதங்களை அந்த வெட்டவெளியிலேயே கழிக்கின்றன.

ஷில்லாங்கும் சோராவும்

பாடப்புத்தகத்தில் சிரபுஞ்சி, ஊர்க்காரர்களுக்கு சோரா. ஷில்லாங்கிலிருந்து 54 கி.மீ. ஆண்டு சராசரி மழை 11,000 மி.மீ.க்கு மேல். சென்னையில் இது சுமார் 1,400 மி.மீ., டெல்லியில் 800-க்கும் குறைவு. ஆனால் ஜனவரியில் போனால் இதே சோராவில் பெண்கள் குடத்தோடு தண்ணீருக்கு நடப்பதைப் பார்க்கலாம். பெய்வதெல்லாம் சுண்ணாம்புப் பாறை வழியாக வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது.

இங்கே பாலம் கட்டுவதில்லை, வளர்க்கிறார்கள். ரப்பர் ஆல மரத்தின் வேர்களை ஓடையின் குறுக்கே வழிகாட்டி விட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகே ஆள் நடக்க முடியும். நட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அது முழு பலம் பெறும். நோங்ரியாட் கிராமத்தின் இரட்டை அடுக்குப் பாலத்தைக் காண 3,000 படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். பிறகு ஏறவும் வேண்டும். ஷில்லாங்கின் இயூதுஹ் சந்தையில் கடை நடத்தும் காசிப் பெண்களையும் பார்த்துவிடுங்கள். இங்கே குடும்பச் சொத்து கடைசிப் பெண்ணுக்கு. குஞ்சும் குளுவானுமாகப் போகும் நம் குடும்பங்களில் இது நிச்சயம் ஒரு விவாதத்தைக் கிளப்பும்.

ஒரே பாறை, இரண்டு சிற்பிகள்

மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத்துக்கு 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். எல்லோராவையும் அஜந்தாவையும் பார்க்க அங்கே போகும் ஆயிரக்கணக்கானோரில் லோனார் வரை போகிறவர்கள் குறைவு. தக்காணத்தை மூடியிருக்கும் எரிமலைப் பாறையில் விண்கல் மோதி உண்டான 1.8 கி.மீ. அகலப் பள்ளம் அது; நடுவே உவர்நீர் ஏரி. 2020 ஜூனில் இந்த ஏரி நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறிச் செய்தியானது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்ததும் இதே வகைப் பாறையில்தான். அஜந்தாவுக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதை மறந்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

மே மாதம்தான் லீவு என்பவர்கள் ஜபல்பூருக்குப் போகலாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் பேடாகாட்டில் நர்மதை பளிங்குப் பாறைகளைப் பிளந்து ஓடும் இடத்தில் படகு சவாரி இருக்கும். மழைக்காலத்தில் அது கிடையாது. நான்கு மணி நேரத் தொலைவில் கான்ஹா காடு. கோடையில் நீர்நிலைகள் சுருங்குவதால் விலங்குகள் எளிதில் கண்ணில் படும். 1970-ல் வெறும் 66 என்ற எண்ணிக்கைக்கு இறங்கிப்போன பாராசிங்கா மான் இனத்தைக் காப்பாற்றிய காடு இது.

ஊருக்குப் போகும் வழியில்

வெளிமாநிலத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல். லீவெல்லாம் ஊருக்கே சரியாகிவிடுகிறது. குலதெய்வம், தங்கை கல்யாணம், அப்பாவின் கண் ஆபரேஷன் எதையும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் இருபது வருஷமாக அதே ரயிலில் போய்வரும் நாம், ஜன்னலுக்கு வெளியே நாட்டைத் தூங்கியே கடந்துவிடுகிறோம்.

டெல்லியிலிருந்து வருபவர் போபாலில் ஒருநாள் இறங்கினால் ஒரு பக்கம் சாஞ்சி, மறு பக்கம் ஆதி மனிதன் ஓவியம் தீட்டிய பீம்பேட்கா குகைகள். இரண்டும் சுமார் 45 கி.மீ. தொலைவுதான். மும்பை வண்டியில் வருபவருக்கு ஆந்திரத்தின் தாடிபத்ரியை ஒட்டி பெலும் குகைகள். முத்தனூருக்கு அருகே பென்னா நதி செம்பாறையை அறுத்துப் போகும் கண்டிகோட்டா. கொல்கத்தா வண்டி சிலிகா ஏரியின் கரையோரமாகவே ஓடுகிறது. முகத்துவாரம் அடைபட்டுச் செத்துக்கொண்டிருந்த ஏரி அது. 2000-ல் கடலுக்குப் புது வாய் வெட்டிய பிறகு மீனும் பறவையும் திரும்பின. பாலுகாவ் ஸ்டேஷனில் இறங்கிப் படகேறினால் டிசம்பரில் லட்சக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள். இதற்கெல்லாம் தனி லீவு வேண்டாம். ஒரு டிக்கெட்டை இரண்டாக எடுத்தால் போதும்.

மீதமுள்ள ஏழு பயணங்களை எந்த வரிசையில் போவது? முழங்கால் ஒத்துழைக்கும்போதே நோங்ரியாட் படிகளையும் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கையும் முடித்துவிடுங்கள். அகமதாபாத் சந்துகளும் எல்லோராவும் ஓய்வு பெற்ற பிறகும் காத்திருக்கும். சுந்தரவனத் தீவுகளும், பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் கரைத்துக்கொண்டிருக்கும் மாஜுலியும் அப்படிக் காத்திருக்கா.

எப்போது, எங்கே

ஜூலை-ஆகஸ்ட்: பூக்களின் பள்ளத்தாக்கு.
ஆகஸ்ட்-செப்டம்பர்: ஜோக் அருவி, செப்டம்பரில் சதாராவை அடுத்த காஸ் பூமேடு. காஸுக்கு முன்பதிவு அவசியம்.
அக்டோபர்: ஷில்லாங், சோரா.
நவம்பர்-பிப்ரவரி: சுந்தரவனம், ரண், சிலிகா, லோனார், மாஜுலி.
ஏப்ரல்-ஜூன்: ஜபல்பூர், கான்ஹா.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்பு இருந்த 120 நாள் அவகாசம் இப்போது இல்லை. டிசம்பர் பயணத்துக்கு அக்டோபரிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது.